நாட்பட்ட வலியும் மனத்தின் பங்கும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

விழா நாளில் வலியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். விழாவுக்கு வர வேண்டும் என்று பல நாள் எண்ணியிருந்தும், இன்று காலையில் எழுந்ததும் 'இயலாது' என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர்களை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கும். முழங்கால் வலியால் படியேற அஞ்சும் மூதாட்டி, இடுப்பு வலியால் ஒரு மணி நேரம் பேருந்தில் அமர முடியாத நடுவயதினர், ஒற்றைத் தலைவலி வந்தால் வெளிச்சத்தையும் ஒலியையும் தாங்கமாட்டாமல் இருட்டறையில் படுத்துவிடும் இளம்பெண் என உற்றார் உறவினரிடையே இத்தகையோர் இல்லாத குடும்பம் அரிது.

இவர்களின் துன்பம் பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கட்டுப் போட்ட காயம் இல்லை. கொதிக்கும் காய்ச்சல் இல்லை. முதல் மாதத்தில் நலம் விசாரிக்க வந்த உறவினர் மூன்றாம் மாதத்தில் வருவதில்லை. ஆறாம் மாதத்தில், 'பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார்' என்னும் பேச்சு காதில் விழுகிறது. எடுத்த படங்களில் குறிப்பிடத்தக்க குறை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாலோ, 'எல்லாம் மனப்பிரமை' என்று வீட்டாரே முடிவு கட்டிவிடுகின்றனர். வலியினும் கொடிது அச்சொல்.

நாட்பட்ட வலியில் மனத்திற்குப் பங்கு உண்டு என்பது இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆனால், அவ்வுண்மைக்கும் 'மனப்பிரமை' என்னும் பழிச்சொல்லுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிந்தால், நோயுற்றவருக்கும் அவருடன் வாழ்வோருக்கும் ஒரு வழி திறக்கும். அவ்வழியைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

காவலனாக வந்த வலி

வலி இயல்பில் பகையன்று, உடலின் காவலன். சூடான பாத்திரத்தைத் தொட்ட கை தானே விலகுகிறது. சுளுக்கிய காலை ஊன்ற விடாமல் வலி தடுக்கிறது. அவ்வோய்வில் கால் ஆறுகிறது. பிறவியிலேயே வலியை உணராத குழந்தைகள் மிக அரிதாகப் பிறப்பதுண்டு. அவர்கள் தம் நாவைத் தாமே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வர். எலும்பு முறிந்த காலோடு நடப்பர். வலியில்லாத வாழ்வு வரமன்று என்பதற்கு அக்குழந்தைகளே சான்று.

புண் ஆறியதும் வலியும் போய்விடுவதே முறை. சிலரிடத்தில் அது போவதில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவ உலகம் வரையறுக்கிறது. மூட்டு வாதம், நீரிழிவால் நரம்பு கெடுதல், புற்றுநோய் முதலியவற்றில் வலிக்குரிய காரணம் உடலில் தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும். வேறு சிலருக்கோ, தொடக்கத்தில் இருந்த காயம் ஆறிய பின்னும் வலி மட்டும் எஞ்சி நிற்கும். திருடன் ஊரைவிட்டே போன பின்பும் விடியும்வரை குரைத்துக்கொண்டிருக்கும் நாயின் நிலை அது. குரைப்பு பொய்யன்று, அனைவர் காதிலும் விழுகிறது. ஆனால், அது திருடன் இருப்பதற்கு அடையாளமும் அன்று.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 11ஆம் பதிப்பு நோய் வகைப்பாடு 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதில் நாட்பட்ட வலிக்கெனத் தனிப் பிரிவே அமைக்கப்பட்டுள்ளது. பிற நோயின் அடையாளமாக மட்டும் கருதப்பட்டு வந்த வலி, தானே ஒரு நோயாக நிற்கவும் கூடும் என்பதை மருத்துவம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது.

கயிறும் மணியும்

பிரெஞ்சு மெய்யியலறிஞர் டேக்கார்ட்டு மறைந்த பின், 1664இல் அவருடைய நூல் ஒன்று பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. தீயின் அருகே கால் வைத்த ஒருவனின் படம் அந்நூலில் உண்டு. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் உள்ள மணி அடிப்பது போல, காலில் பட்ட சூடு நரம்பின் வழியே சென்று மூளையில் வலியாக ஒலிக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். எளிய விளக்கம், ஆகவே நெடுங்காலம் நிலைத்தது. இழுப்பு எவ்வளவோ ஒலியும் அவ்வளவே, காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவே என்னும் கருத்து அதனால் வேரூன்றியது. 'படத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே வலியும் இல்லை' என்று இன்றும் பேசுவோர் அறியாமலே அந்தக் கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றனர்.

அக்கருத்தை அசைத்த நிகழ்வுகள் பல. இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் ஆன்சியோ கடற்கரைப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஒரு வியப்பைக் கண்டார். கடுமையாகக் காயமுற்ற வீரர்களிடம், வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, ஏறத்தாழ நால்வரில் மூவர் வேண்டாம் என்றனர். அவர்கள் மயக்கத்திலும் இல்லை; அதிர்ச்சியில் உணர்விழக்கவும் இல்லை. 1946இல் இதனை எழுதிய பீச்சர், பத்தாண்டுகள் கழித்து, அறுவை மருத்துவம் செய்துகொண்ட பொதுமக்களோடு இவ்வீரர்களை ஒப்பிட்டார். அவர்களுள் பெரும்பாலோர் மருந்து கேட்டனர். போர்முனை வீரனுக்குக் காயம் என்பது உயிரோடு வீடு திரும்புவதற்கான அனுமதிச் சீட்டு. பொதுமகனுக்கோ அது வாழ்வில் விழுந்த இடி. காயத்தின் அளவைக் காட்டிலும், காயத்திற்கு மனம் தரும் பொருளே வலியின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று பீச்சர் கருதினார்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வை 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டது. 29 வயதுடைய கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தபோது 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆணியின் மேல் காலை வைத்துவிட்டார். ஆணி காலணியைத் துளைத்து மேலே வந்து நின்றது. சிறிது அசைத்தாலும் அவர் வேதனையால் துடித்தமையால், வலுவான வலியடக்கி மருந்து செலுத்திய பின்னரே ஆணியை எடுக்க முடிந்தது. காலணியைக் கழற்றிப் பார்த்தால், ஆணி இரண்டு விரல்களுக்கு இடையே சென்றிருந்தது. காலில் ஒரு கீறலும் இல்லை! அத்தொழிலாளி நடித்தாரா? இல்லை. அவர் பட்ட வலி முற்றிலும் உண்மை. ஆபத்து நேர்ந்துவிட்டது என்று மூளை நம்பியது. நம்பியதால் வலியை உண்டாக்கியது.

1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் அறிஞர் இருவர் இதற்கொரு விளக்கம் தந்தனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. கீழிருந்து வரும் செய்திகளை அது கூட்டியும் குறைத்தும் மேலே அனுப்புகிறது. அவ்வாயிலைத் திறக்கவும் சாத்தவும் மூளையிலிருந்தும் கட்டளைகள் இறங்கி வருகின்றன என்பது அவர்தம் கோட்பாடு. இடித்துக்கொண்ட முழங்கையைக் கை தானே தேய்க்கிறது. தேய்த்தால் வலி சற்றே தணிகிறது. தொடுவுணர்வு வாயிலைச் சிறிது சாத்துகிறது என்பதே அதன் பொருள். அதே போல அச்சம், கவலை, தனிமை, தூக்கமின்மை ஆகியவை வாயிலை அகலத் திறக்கின்றன. துணிவு, ஈடுபாடு, நம்பிக்கை, அமைதி ஆகியவை அதனைச் சாத்தத் துணைபுரிகின்றன. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. அதன் அடிப்படை நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன் 1990களில் கலிபோர்னியாவில் செய்த ஆய்வையும் இங்கு நினைவு கூரலாம். கையை இழந்தவர் சிலருக்கு, இல்லாத கை இறுக மூடிக்கிடப்பது போலவும், நகங்கள் உள்ளங்கையில் பதிவது போலவும் தாங்கொணா வலி இருக்கும். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு அவர் அமைத்தார். நல்ல கையை விரித்தபோது, இழந்த கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர்; இறுக்கம் தளர்ந்தது. இல்லாத கையில் வலி உண்டாகக் கூடுமாயின், வலி பிறக்கும் இடம் எது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மற்போர் வீரராக இருந்த மருத்துவர்

வலி மருத்துவம் என்னும் துறை உருவாவதற்குத் தலையாய காரணர் ஜான் பொனிக்கா. இவர் 1917இல் இத்தாலியின் சிசிலிக்கு அருகில் உள்ள பிலிக்கூடி என்னும் சிறு தீவில் பிறந்தார். சிறு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். தந்தை இளமையிலேயே மறைந்தமையால் குடும்பச் சுமை அவர் தோளில் ஏறியது. மருத்துவக் கல்விக்குப் பொருள் ஈட்ட அவர் மற்போர் மேடை ஏறினார். உடன் பயில்வோர் அறியாதவாறு வேறு பெயரிலும் முகமூடியிட்டும் போரிட்டார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாஷிங்டன் மாநிலத்து இராணுவ மருத்துவமனை ஒன்றில் மயக்கவியல் துறைத் தலைவரானார். காயம் ஆறியும் வலி ஆறாத வீரர் பலரை அங்குக் கண்டார். நரம்பை மரக்கச் செய்யும் ஊசிகள் சிலருக்குப் பயன்பட்டன, சிலருக்குப் பயன்படவில்லை. ஒரு துறை மருத்துவரின் அறிவு மட்டும் இதற்குப் போதாது என்பதை உணர்ந்து, நரம்பியல், எலும்பியல், மனநல மருத்துவர்களை ஒன்றுகூட்டிக் கலந்து பேசத் தொடங்கினார். 1953இல் வலி மருத்துவம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1960இல் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று, பல துறையினரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரே நோயாளியைக் காணும் வலி மருத்துவ மையத்தை வளர்த்தார். 1973இல் அவர் கூட்டிய மாநாட்டின் பயனாகப் பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் தோன்றியது.

இவ்வளவும் செய்தவர் தாமே ஒரு நோயாளி. மற்போர் மேடையில் பட்ட அடிகள் பிற்காலத்தில் இடுப்பிலும் தோளிலும் மூட்டுகளிலும் தீரா வலியாக முளைத்தன. பலமுறை அறுவை மருத்துவம் செய்துகொண்டும் வலி முற்றும் விலகவில்லை. பணியில் இவ்வளவு மூழ்கியிராவிட்டால் தாம் முழுதும் முடங்கிப் போயிருக்கக்கூடும் என்னும் கருத்தை அவரே வெளியிட்டதுண்டு. 1994இல் மறையும்வரை, வலி நீங்கிய பின் வாழலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

கேட்டால்தான் மருந்தா?

பொனிக்காவின் மையத்தில் பணியாற்றிய உளவியலறிஞர் வில்பர்ட் போர்டைஸ், எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார். நாட்பட்ட வலியுடையவர் முனகும்போது என்ன நிகழ்கிறது? மனைவி ஓடி வருகிறார், மாத்திரை கிடைக்கிறது, வேலையிலிருந்து விடுதலை கிடைக்கிறது. அவர் எழுந்து நடக்கும்போது என்ன நிகழ்கிறது? ஒன்றும் நிகழ்வதில்லை, அவரவர் தம் வேலையைப் பார்க்கின்றனர். யாரும் வேண்டுமென்று செய்யாமலே, முனகலுக்குப் பரிசும் முயற்சிக்குப் புறக்கணிப்பும் அமைந்துவிடுகின்றன. நோயாளி நடிப்பதில்லை, நடிக்க எண்ணுவதுமில்லை. ஆனால், நாளடைவில் அவருடைய வாழ்வே வலியைச் சுற்றிச் சுழலப் பழகிவிடுகிறது.

போர்டைஸ் இவ்வமைப்பைத் தலைகீழாக மாற்றினார். வலி வந்தபோது மாத்திரை என்னும் வழக்கத்தை நீக்கிக் குறித்த நேரத்திற்கு மருந்து என்று வகுத்தார்; பின் மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்தார். 'வலிக்கும்வரை நட' என்று சொல்லாமல், 'இத்தனை சுற்று நட' என்று அளவு குறித்தார். அவ்வளவு முடிந்ததும் ஓய்வு. மருத்துவமனைப் பணியாளர், நடந்தவரைப் பாராட்டினர். இல்லத்தாருக்கும் அப்பயிற்சி அளிக்கப்பட்டது. 1976இல் அவர் இம்முறைகளை நூலாக வெளியிட்டார். தம் வலியினும் பெரிதாகச் செய்வதற்கு ஒன்றைப் பெற்றவர் அவ்வளவாகத் துன்புறுவதில்லை என்பது அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து.

இதே காலத்தில், இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் வேறொரு களத்தில் இதனை ஒத்த முடிவுக்கு வந்தார். புற்றுநோய் முற்றியவர்களுக்கு வலி தாங்க முடியாமல் கதறும்போது மட்டுமே மருந்து தருவது அன்றைய வழக்கம். அதனை மாற்றி, வலி தலைதூக்கும் முன்பே குறித்த நேரத்தில் மருந்து கொடுத்தார். 1967இல் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லம் உலகெங்கும் இத்தகைய இல்லங்களுக்கு முன்மாதிரியானது. அவர்தம் நோயாளிகளுக்கு மருந்து குறையவில்லை. தேவையான அளவு முழுமையாகக் கிடைத்தது. போர்டைஸ் மருந்தைக் குறைத்தார். சாண்டர்ஸ் நிறையக் கொடுத்தார். ஆயினும், மருந்துக்காக ஒரு மனிதர் தம் வலியைப் பிறர்முன் காட்டி இரக்க வேண்டிய நிலை கூடாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

அச்சம் என்னும் சுழல்

நாட்பட்ட வலியில் மனம் வகிக்கும் பங்கினைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தோர், மூன்று போக்குகள் துன்பத்தைப் பெருக்குவதைக் கண்டனர். 1995இல் கனடாவின் மைக்கேல் சல்லிவன் தம் துணையாய்வாளருடன் வகுத்த 13 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இம்மூன்றையும் அளக்கிறது. முதலாவது, வலியையே எந்நேரமும் மனத்தில் அசைபோடுதல். இரண்டாவது, 'இது ஏதோ பெரிய கேட்டில்தான் முடியும்' என்று பெரிதாக்குதல். மூன்றாவது, 'இனி என்னால் ஒன்றும் ஆகாது' என்னும் கையறு நிலை. இம்மூன்றும் மிகுந்தோர், அதே அளவு உடற்குறையுடைய பிறரைவிட மிகுதியான வலியையும் முடக்கத்தையும் அடைகின்றனர். இது அவர்தம் குணக்கேடன்று. அச்சுறுத்தப்பட்ட மனம் இயல்பாகச் செய்யும் செயலே இது.

அச்சத்திலிருந்து தவிர்ப்பு பிறக்கிறது. நெதர்லாந்தின் யோகான் விலாயன், சுவீடனின் ஸ்டீவன் லிண்டன் இருவரும் 2000இல் இச்சுழலைத் தெளிவாக வரைந்து காட்டினர். குனிந்தால் வலிக்கிறது, ஆகவே குனிவதில்லை. குனியாமல் இருப்பதால் முதுகுத் தசைகள் வலுவிழக்கின்றன, மூட்டுகள் இறுகுகின்றன. ஒரு நாள் தவிர்க்க முடியாமல் குனியும்போது முன்னினும் மிகுதியாக வலிக்கிறது. 'பார்த்தாயா, குனிந்ததால் வந்தது' என்று அச்சம் உறுதிப்படுகிறது. அடுத்து நடையும், அதற்கடுத்துத் திருமண வீடுகளும், பின்பு நண்பரும் விலகுகின்றனர். இறுதியில் எஞ்சுவது ஒரு கட்டிலும் ஒரு வலியும். நாட்பட்ட வலியில், வலி பறித்துக்கொள்ளும் வாழ்வைவிட அச்சம் பறித்துக்கொள்ளும் வாழ்வே பலருக்கு மிகுதி.

இவ்வச்சத்திற்கு உரமிடுபவை பல வேளைகளில் சொற்களே. 'எலும்பு தேய்ந்துவிட்டது', 'டிஸ்க் விலகிவிட்டது' என்னும் சொற்களைக் கேட்ட நாளிலிருந்து தம் முதுகு உடைந்த பானை என்றே சிலர் எண்ணிக்கொள்கின்றனர். 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்தது. வலியற்ற 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் முதுகெலும்பு வட்டுகளில் தேய்மானம் காணப்பட்டது. வட்டு பிதுங்கியிருந்தோர் 20 வயதினரில் 30 பேர், 80 வயதினரில் 84 பேர். தலை நரைப்பது போல முதுகெலும்பும் மூப்படைகிறது. படத்தில் தெரியும் தேய்மானம் எல்லாம் வலியின் காரணம் ஆகிவிடாது. இதனை மருத்துவர் பொறுமையோடு விளக்கிச் சொன்னால், அவ்விளக்கமே பாதி மருந்து.

இல்லத்தாரின் கடமை

இனி, உடன் வாழ்வோரைப் பற்றி. இவர்கள் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்ய நேர்கிறது. முதல் தவறு நம்பாமை. 'வேலைக்கு அஞ்சி வலியென்கிறார்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அன்றிலிருந்து தம் வலி மெய்யென்று நிறுவுவதே நோயுற்றவரின் முழுநேர வேலையாகிவிடும். மெய்யென்று நிறுவ வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர் எவ்வாறு குணமடைவார்? சிறிது நலம் பெற்று நடமாடினாலும், 'அப்படியானால் நேற்றுச் சொன்னது பொய்தானே' என்னும் கேள்வி காத்திருக்கிறதே! பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதனை மதிக்க வேண்டும் என்று சேர்த்தது இதனாலேயே.

இரண்டாம் தவறு, அன்பின் மிகுதியால் வருவது. அதனைத் தவறு என்று சொல்லவே நா கூசும். 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாட்பட்ட வலியுடையோரிடம் தனியறையில் வலியின் அளவு கேட்கப்பட்டது. ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அப்பால் தம் வாழ்க்கைத் துணை கவனித்துக்கொண்டிருப்பதாக ஒரு முறையும், மருத்துவமனை எழுத்தர் கவனிப்பதாக ஒரு முறையும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வலி என்றதும் பதறிப் பணிவிடை செய்யும் துணையை உடையோர், துணை கவனிக்கும்போது மிகுதியான வலியைத் தெரிவித்தனர். அவ்வளவு பரிவு காட்டாத துணையை உடையோரிடம் நிலைமை மாறாக இருந்தது.

அன்பைக் குறைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. அன்பின் திசையை மாற்ற வேண்டும் என்பதே பொருள். 'நீங்கள் எழுந்திருக்காதீர்கள், எல்லாவற்றையும் நான் செய்கிறேன்' என்று மருமகள் சொல்லும்போது, மாமியாரின் கையிலிருந்த கரண்டியோடு அவர் வீட்டில் வகித்த இடமும் பறிபோகிறது. 'கீரையை ஆய்ந்து தருகிறீர்களா, அம்மா? உங்கள் கை பட்டால்தான் சரியாக இருக்கும்' என்னும் சொல் அவ்விடத்தைத் திருப்பித் தருகிறது. காலையில் எழுந்ததும், 'இன்று வலி எப்படி?' என்று நாள்தோறும் கேட்பது, மறந்திருந்தவரையும் தம் உடலைத் துழாவச் செய்யும். 'இன்று எங்கே போகலாம்?' என்று கேட்டால் மனம் வெளியே வரும். வலியைக் கேட்க ஒரு நேரம் இருக்கட்டும். அப்போது முழுதாகக் காது கொடுக்கட்டும். எஞ்சிய நேரம் வாழ்வுக்கு உரியதாகட்டும்.

பயிற்சியால் வருவது துணிவு

நோயுற்றவர் தாமே மேற்கொள்ளத்தக்க வழிகளும் உண்டு. முதலாவது அளவறிந்து செய்தல். வலி குறைந்த நாளில் வீட்டை முழுதும் கழுவித் துடைத்து, பின் மூன்று நாள் படுக்கையில் கிடப்பது பலரின் வழக்கம். இதனால் உழைப்பே பகையென்னும் எண்ணம் வலுப்படும். பத்து நிமிட நடையில் வலி மிகுமாயின், ஏழு நிமிடத்தில் தொடங்க வேண்டும். நல்ல நாளில் அதனைக் கூட்டவும் வேண்டா. பொல்லாத நாளில் விடவும் வேண்டா. சில நாட்களுக்கு ஒரு நிமிடமாக ஏற்றிக்கொண்டு போனால், நடையும் வளரும், நடக்க முடியும் என்னும் நம்பிக்கையும் வளரும். 'என்னால் இயலும்' என்னும் அந்நம்பிக்கை மிகுந்தோரிடம் முடக்கம் குறைவாக இருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

இரண்டாவது எண்ணத்தைச் சீர்தூக்குதல். 'முதுகு இற்றுவிடும்' என்று மனம் சொல்லும்போது, 'இதற்கு முன் நூறு முறை இப்படி வலித்தது, ஒருமுறையேனும் இற்றதா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் பழக்கம் இது. அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை என்னும் பெயரில் பயிற்சி பெற்ற உளவியலர் இதனைக் கற்பிக்கின்றனர்.

மூன்றாவது விழிப்போடு கவனித்தல். 1979இல் ஜான் கபாட்-சின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் தொடங்கிய பயிற்சியில், உடலின் ஒவ்வோர் உறுப்பையும் வரிசையாகக் கவனித்தல், அமர்ந்து மூச்சை நோக்குதல், மென்மையான யோகாசனங்கள் ஆகியவை இடம்பெற்றன. மருத்துவம் பலவும் முயன்று பயன் காணாத வலி நோயாளிகள் தொடக்க காலத்திலேயே அங்கு வந்தனர். வலியை விரட்டுவது அப்பயிற்சியின் குறிக்கோளன்று. வலி வேறு, 'ஐயோ, இது எப்போது தீரும்' என்னும் ஓலம் வேறு என்று பிரித்துக் காணப் பழகுவதே குறிக்கோள். முன்னது உடலில் எழுவது. பின்னது மனம் அதன்மேல் அடுக்குவது. முன்னதை நீக்க இயலாத நாளிலும் பின்னதை இறக்கி வைக்க இயலும்.

இவ்விரு முறைகளையும் 2016இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு ஒப்பிட்டது. பொனிக்கா பணியாற்றிய அதே வாஷிங்டன் மாநிலத்தில், நாட்பட்ட இடுப்பு வலியுடைய 342 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஆறு மாதம் கழித்து, அன்றாடச் செயல்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டோர், விழிப்புநிலைப் பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 61. நடத்தைச் சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ 58. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 44. இது மாயமன்று, அனைவரும் நலம் பெற்றுவிடவும் இல்லை. ஆனால், மருந்துச்சீட்டில் எழுத முடியாத ஒன்று மருந்துக்குத் துணையாக நிற்கிறது என்பதற்கு இது போதிய சான்று.

உறக்கத்தையும் மறத்தலாகாது. உறங்காத இரவுக்கு அடுத்த பகலில் வலி மிகும். வலித்த பகலுக்கு அடுத்த இரவில் உறக்கம் குறையும். மனச்சோர்வும் அவ்வாறே வலியோடு கைகோத்து வருவது. வாழ்வில் பிடிப்பற்றுப் போவதாக, இருந்து பயனில்லை என்பதாக ஒருவர் சொன்னால், அதனைப் புலம்பல் என்று தள்ளிவிடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. மனத்தின் பங்கைச் சொல்வது உடலைக் கைவிடுவதற்கன்று. புதிதாக வந்த கடும் வலி, காய்ச்சலோடும் காரணமற்ற எடைக்குறைவோடும் வரும் வலி, கால் மரத்தல், சிறுநீர் மலம் அடக்க இயலாமை ஆகியவற்றோடு சேர்ந்த முதுகுவலி, நெஞ்சுவலி ஆகியவற்றில் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்துதலும் கூடாது.

நிறைவாக

வலி முழுதும் தீர்ந்த பின்னரே வாழத் தொடங்குவது என்று உறுதி பூண்டோர், தம் வாழ்வின் சாவியை வலியின் கையில் கொடுத்துவிடுகின்றனர். அச்சாவியைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற முடியும். இன்று வாயிற்படி வரை. நாளை தெருமுனை வரை. அடுத்த ஆண்டு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவ்விழா அரங்கு வரை.

அவ்வாறு அவர்கள் வரும்போது, 'வலி போய்விட்டதா?' என்று கேட்க வேண்டா. 'வந்தீர்களே, மகிழ்ச்சி!' என்று சொல்லிச் சாய்வுள்ள நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டால் போதும். இன்று இல்லம் திரும்பியதும், வர இயலாமற் போனவர் அருகே சற்று அமர்ந்து, விழாவில் நிகழ்ந்ததை எடுத்துரைத்து, அடுத்த விழாவில் அவர் செய்வதற்கென ஒரு சிறு பணியை இப்போதே ஒதுக்கி வைப்பது அவையோர் அனைவருக்கும் எளிதில் இயலும் அறம்.

அனைத்து உயிர்களும் துன்பம் நீங்கி வாழ்க!